சப்பை மூக்கும் சித்திரை வெயிலும்

நாய் வளர்க்க வேண்டும் என்னும் ஆசை நகரவாசியின் உள்ளத்தில் எழும்போது, அவர் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் நீள அகலமும், மாடிப்படியில் எதிர்ப்படும் அண்டை வீட்டாரின் முகக்குறிப்பும், குழந்தைகளின் பிடிவாதமும், மாத வருமானமும் ஒன்றுசேர்ந்து அந்த ஆசையைச் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் மடியில் அடங்கக்கூடிய ஒரு சிறிய நாயினிடம் கொண்டுவந்து நிறுத்திவிடுகின்றன. அவ்விடத்தில் நம் நாட்டில் அநேகமாகக் காத்திருப்பது பக் என்னும் இனம். 2003-ஆம் ஆண்டில் ஹட்ச் என்னும் கைத்தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தில், ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் விடாமல் பின்தொடர்ந்த அந்தச் சுருக்கம் விழுந்த முகத்தைக் கண்டு மயங்காதவர் அரிது. இனத்தின் பெயர் இன்னதென்று அறியாதவர்கள் 'ஹட்ச் நாய்' என்று தாங்களே ஒரு பெயரைச் சூட்டிவிட்டார்கள். நிறுவனம் கைமாறிப் பெயர் மாறிப் போன பின்னும், குட்டி விற்கும் இடங்களில் அந்தப் பெயர் இன்னும் செல்லுபடியாகிறது.

வாங்கப் போகிறவர் வழக்கமாகக் கேட்பது, விலை என்ன, முடி கொட்டுமா, கடிக்குமா, இரவில் குரைத்து ஊரைக் கூட்டுமா என்பவைதாம். விற்பவர் சொல்லும் விடைகளும் பெரும்பாலும் மெய்யே. பக் சாதுவான பிராணி, குழந்தைகளோடு இணங்கும், 6 முதல் 8 கிலோ எடைக்குள் அடங்கும், வீட்டைக் காக்கும் என்று எதிர்பார்க்காதவரை அதனிடம் குறை காண முடியாது. முடி விஷயத்தில் மட்டும் விற்பவர் வாக்கில் பாதியைத் தள்ளிவிடுவது நலம். குட்டை முடிதானே என்று நம்பியவர்களுடைய கறுப்புக் காற்சட்டைகள் அதற்குச் சாட்சி சொல்லும். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று கேட்கப்படாமலே போகிறது: இந்த நாய் எப்படி மூச்சுவிடுகிறது? எந்த முகத்தைக் கண்டு நாம் அதனை விரும்புகிறோமோ, அந்த முகத்தின் அமைப்பே அதன் சுவாசத்துக்கும், சித்திரை வைகாசி மாதங்களில் அதன் பிராணனுக்கும் இடையூறாக நிற்கிறது என்பதனால், இந்த அத்தியாயம் பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியையே சுற்றிவரப் போகிறது.

இந்த முகம் ஆதியில் இப்படி இருந்ததில்லை. சீனச் சக்கரவர்த்திகளின் அரண்மனைகளில் செல்லமாக வளர்ந்த இவ்வினத்தின் முன்னோர், வாணிகக் கப்பல்கள் வழியே ஹாலந்து தேசம் சேர்ந்து, அங்கே அரச குடும்பத்தின் அபிமானத்தைப் பெற்று, 1689-ஆம் ஆண்டு மூன்றாம் வில்லியம் தம் மனைவி மேரியோடு இங்கிலாந்தின் சிம்மாசனம் ஏறிய காலத்தில் அந்நாட்டிலும் பரவலாயின என்று சொல்வார்கள். நாய் அபிமானிகள் சொல்லும் அரச கதைகளுக்கு அளவில்லை. அவற்றில் மெய் எது, புனைவு எது என்று சலித்தெடுப்பது நமக்கு அவசியமில்லை. ஐயத்துக்கு இடமில்லாத சாட்சி ஒன்று லண்டனில் டேட் கலைக்கூடத்தில் தொங்குகிறது. வில்லியம் ஹோகார்த் என்னும் ஓவியர் 1745-ஆம் ஆண்டில் தம்மையும் தம்முடைய நாயையும் சேர்த்துத் தீட்டிய படம் அது. அதில் காணும் ட்ரம்ப் என்ற பக் நாய்க்கு முகம் சற்றே குறுகியது என்பது உண்மைதான். ஆயினும் கண்களுக்கு முன்னால் நன்றாக நீண்டு வெளிவந்த ஒரு மூஞ்சியும், அதன் நுனியில் மூக்கு என்று சொல்லத்தக்க மூக்கும் இருக்கின்றன. இன்றைய கண்காட்சிகளில் பரிசு வாங்கும் பக் நாயைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்த்தால், நெற்றியும் மூக்கும் மோவாயும் ஏறக்குறைய ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்கும்.

இந்த மாறுதல் இயற்கையின் கைவேலையன்று. 1873-இல் இங்கிலாந்தில் நாய் அபிமானிகளின் தலைமைச் சங்கம் தோன்றி, கண்காட்சிகளும் இனத்துக்கு இன்ன லட்சணம் என்னும் விதிகளும் பெருகிய பிறகு, முகம் குட்டையாக இருக்கவேண்டும் என்று எழுதிவைத்ததை நடுவர்கள் இன்னும் குட்டையாக இருப்பது இன்னும் மேல் என்று பொருள் கொண்டார்கள். பரிசு பெற்ற நாய்க்கே இணை சேர்க்கும் மவுசு மிகுதி ஆகையால், தலைமுறைக்குத் தலைமுறை மூக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தது. அம்மாறுதலை உடலின் எந்த மூலையில் நிகழ்த்தினார்கள் என்பது வளர்த்தவர்களுக்கே தெரியாது. 2012-இல் பிஎம்பி3 என்னும் மரபணுவில் ஒரு மாறுபாடும், 2017-இல் எஸ்எம்ஓசி2 என்னும் மரபணுவில் மற்றொரு மாறுபாடும் குட்டை முகத்தோடு தொடர்புடையவை என்று ஆராய்ச்சியாளர் கண்டனர். பின்னது ஒன்றே நாய்களின் முக நீள வேறுபாட்டில் 36 சதவீதம் வரை விளக்கவல்லது என்று கணித்தார்கள். ஆக, பரிசுக் கோப்பையை மேஜைமேல் வைத்துக்கொண்டு மனிதர் தேர்ந்தெடுத்தது, சிசுவின் மண்டை எலும்பு வளரும் விதத்தில் நேர்ந்த ஒரு பிறழ்வை.

எலும்பு குறுகியது, ஆனால் அதனுள் அடங்கவேண்டிய தசையும் சவ்வும் அதே விகிதத்தில் குறுகவில்லை. பெரிய வீட்டைக் காலிசெய்துவிட்டுச் சிறிய வீட்டுக்குக் குடிவந்தவர், பழைய சாமான்களில் ஒன்றையும் விடாமல் கூடத்தில் அடுக்கினால் நடக்க வழியின்றிப் போவதுபோல, பக் நாயின் மண்டைக்குள் காற்று நடக்க வழியில்லை. வாயிலிலேயே முதல் தடை: நாசித் துவாரங்கள் வட்டமாகத் திறந்திராமல் ஒரு கீற்றாக ஒடுங்கியிருக்கும். உள்ளே சென்றால், மூக்கினுள் சுருள் சுருளாக மடிந்திருக்கவேண்டிய மெல்லிய எலும்புத் தகடுகள் இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று முட்டி, காற்றுப் பாதைக்குள்ளேயே வளர்ந்து நிற்கும். அதையும் கடந்தால், மேல்வாயின் பின்புறத்தில் தொங்கும் மென்மையான அண்ணம், நீளமும் தடிப்பும் மிகுந்து குரல்வளையின் வாயில் திரைபோட்டிருக்கும். குழாயொன்றில் திரவமோ வாயுவோ சீராக ஓடும்போது, குழாயின் ஆரம் பாதியானால் தடை இருமடங்காகாமல் பதினாறு மடங்காகும் என்பது பௌதிக சாஸ்திரத்தின் பாலபாடம். மூக்கினுள் காற்று அவ்வளவு சீராக ஓடுவதில்லை ஆதலால் அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. எனினும், துவாரம் சிறிதே ஒடுங்குவதனால் விளையும் சிரமம் சிறிதன்று என்பதற்கு அது போதுமான எச்சரிக்கை.

இத்தனை தடைகளையும் வென்று காற்றை உள்ளிழுக்க அந்தச் சிறிய மார்பு ஒவ்வொரு மூச்சிலும் பலமாக உறிஞ்சுகிறது. உறிஞ்சும் வேகத்தில் குரல்வளையின் ஓரத்துச் சவ்வு பிதுங்கி வெளிவருகிறது. பிதுங்கிய சவ்வு வழியை மேலும் அடைக்கிறது. அடைபட்ட வழியை வெல்ல நாய் இன்னும் பலமாக உறிஞ்சுகிறது. ஆண்டுகள் இப்படிக் கழிந்தால் குரல்வளையைத் தாங்கும் குருத்தெலும்பே வலுவிழந்து உட்புறம் சரிந்துபோகும். குட்டியாக இருந்தபோது செல்லக் குறட்டையாய்க் கேட்டது, நாலைந்து வயதில் மூச்சுத்திணறலாக மாறுவதற்குக் காரணம் இந்தத் தொடர் விளைவே. சாப்பிட்டதும் நுரை நுரையாகக் கக்குவதும் பல சமயங்களில் இதனோடு சேர்ந்த உபாதைதான். வயிற்றுக்கோளாறு என்று எண்ணி உணவை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

நமது நாட்டுக்கு இதில் தனிப்பட்ட அபாயம் ஒன்று இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள, சாதாரண நாய் வெயிலைச் சமாளிக்கும் விதத்தைச் சற்றே விரிவாகப் பார்க்கவேண்டும். மனிதனுக்கு உடம்பெங்கும் வியர்வை. நாய்க்கோ பாதத்தின் அடியில் மட்டும் பெயருக்குச் சிறிது வியர்வை. ஆகவே, சரீர உஷ்ணத்தை வெளியேற்ற அது நம்பியிருப்பது இரைத்தலை, அதாவது நாக்கைத் தொங்கவிட்டு வேகவேகமாக மூச்சுவிடும் செயலை. ஒரு கிராம் ஜலம் ஆவியாகும்போது சுமார் 580 கலோரி உஷ்ணத்தைக் கொண்டுபோகிறது. அந்த ஆவி நாக்கிலிருந்து கிளம்புகிறது என்று நாம் நினைப்பது பாதி உண்மை. டியூக் பல்கலைக்கழகத்தில் பிராணிகளின் உடலியலை ஆராய்ந்த க்நுட் ஷ்மிட்-நீல்சனும் அவருடைய சகாக்களும் 1970-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இரைக்கும் நாய் காற்றைப் பெரும்பாலும் மூக்கின் வழியே உள்ளிழுத்து வாயின் வழியே வெளிவிடுகிறது என்று காட்டினார்கள். மூக்கினுள் சுருண்டிருக்கும் அந்த எலும்புத் தகடுகளும், அவற்றை ஈரமாக வைத்திருக்கும் நாசிச் சுரப்பியுமே அதன் பிரதான குளிர்சாதனம். உள்ளே போகும் காற்று அந்த ஈரப் பரப்பின்மேல் ஓடி ஆவியேற்றுக்கொண்டு, திரும்பி அதே வழியில் வராமல் வாயால் வெளியேறிவிடுகிறது. வந்த வழியே திரும்பினால் கொண்டுபோன உஷ்ணத்தில் ஒரு பங்கு மறுபடியும் மூக்கிலேயே தங்கிவிடும். நிமிஷத்துக்கு 300 தடவைக்கு மேல் இரைத்தும் நாய் களைத்துவிழாமல் இருப்பதற்கு, மார்புக்கூடு தன் இயல்பான அதிர்வு வேகத்திலேயே ஆடுவதனால் தசைகளுக்கு உழைப்பு குறைவது காரணம் என்றும் கண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டில், மூக்கை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? பக் நாய்க்கு ஆவியேறும் பரப்பு சிறிது. அதன்மேல் ஓடக் காற்றும் போதாது. போதாத காற்றை இழுக்கச் செய்யும் பிரயாசையே தசைகளில் புது உஷ்ணத்தை உண்டாக்குகிறது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றே ஈரத்தில் ஊறியிருப்பதனால், நீள மூக்குள்ள நாய்க்கும் அங்கே ஆவியாதல் மந்தம். பக் நாயின் கதியைச் சொல்லவேண்டியதில்லை. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.5 டிகிரி செல்சியஸை ஒட்டியது. அது 41 டிகிரியைத் தாண்டினால் குடலும் சிறுநீரகமும் மூளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதுபடத் தொடங்கும். வெயில்தான் வேண்டும் என்பதில்லை. கதவடைத்து நிறுத்திய காரிலும், மின்சாரம் நின்ற மதியத்தில் மூடிய அறையிலும், விருந்தினரைக் கண்ட உற்சாகத்தில் பத்து நிமிஷம் கூடத்தைச் சுற்றி ஓடினாலுங்கூட இது நேரலாம். அப்படி நேர்ந்தால், ஆட்டோ தேடி ஓடுவதற்கு முன் குழாயடிக்குத் தூக்கிச் சென்று உடம்பெங்கும் தண்ணீரை ஊற்றி, ஈரத்தோடு மின்விசிறிக்கு அடியில் கிடத்தி, உடம்பு தணியத் தொடங்கியதைக் கண்டபின் மருத்துவரிடம் கொண்டுபோவதே முறை. நினைவு தப்பிய நாயின் வாயில் தண்ணீர் புகட்டலாகாது. ஈரத்துண்டைப் போர்த்தி மூடிவைப்பதும் நல்லதன்று, அது சீக்கிரமே சூடேறி உடம்பின் உஷ்ணத்தை உள்ளேயே நிறுத்திவிடும்.

கால்நடை மருத்துவமனைகளின் வராந்தாவில் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கும் சந்தர்ப்பம் வாய்த்தவர்களுக்கு, இந்த விஷயத்தின் மிக விசித்திரமான அம்சம் தானாகவே புலப்படும். ஒரு மே மாதக் காலையில் என் பக்கத்துப் பெஞ்சில் ஓர் அம்மாள் பக் நாயொன்றை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். தடுப்பூசிக்காக வந்திருந்தார். நாயின் விலாப்புறம் ஒவ்வொரு மூச்சுக்கும் குழிந்து எழுந்தது. தொண்டையிலிருந்து அறுப்பதுபோன்ற ஒலி வந்துகொண்டே இருந்தது. "உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்களே?" என்று கேட்டேன். "சேச்சே, நல்லா இருக்கான் சார். இந்த ஜாதியே இப்படித்தான் சத்தம் போடும். ராத்திரி எங்க மாமனார் மாதிரியே குறட்டை விடுவான், பேரப் பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கும்" என்றார். அவர் அன்பில் குறை காண யாராலும் முடியாது. மூச்சுத்தடையின் அறிகுறிகள் தெளிவாகத் தென்பட்ட நாய்களின் சொந்தக்காரர்களை இங்கிலாந்தில் விசாரித்து 2012-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், அவர்களில் 58 சதவீதத்தினர் தம் நாய்க்குச் சுவாசக் கோளாறு எதுவும் இல்லை என்றே சொல்லியிருந்தனர். வியாதி ஓர் இனத்தில் பரவலாகிவிட்டால், அது வியாதி என்ற பெயரை இழந்து இனத்தின் குணம் என்ற பெயரைப் பெற்றுவிடுகிறது.

ஏன் இந்த முகத்தின்மேல் நமக்கு இத்தனை மோகம் என்று கேட்டால், கான்ராட் லோரென்ஸ் என்னும் ஆஸ்திரிய அறிஞர் 1943-இல் ஒரு விளக்கம் தந்தார். உருண்ட தலை, அகன்ற நெற்றி, பெரிய கண்கள், சிறிய மூக்கு, உப்பிய கன்னம் ஆகிய சிசு லட்சணங்கள் எந்த ஜீவனிடம் தென்பட்டாலும் மனிதனுக்குத் தாய்மை உணர்ச்சி சுரக்கிறது என்பது அவர் கருத்து. பக் நாய் வளர்ந்து கிழடான பின்னும் சிசுவின் முகத்தோடே இருக்கும்படி செய்யப்பட்டது. நம்முடைய வாஞ்சையே அதற்கு வினையாயிற்று என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் கணக்கு அப்படித்தான் இருக்கிறது. லண்டனைச் சேர்ந்த அரச கால்நடை மருத்துவக் கல்லூரியார் 4,308 பக் நாய்களையும் பிற இனங்களைச் சேர்ந்த 21,835 நாய்களையும் மருத்துவக் குறிப்புகளைக் கொண்டு ஒப்பிட்டு 2022-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓராண்டில் ஏதேனும் ஒரு நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு பக்குக்கு ஏறத்தாழ இருமடங்கு. குட்டை முகத்தால் வரும் சுவாசத் தடைக்கு ஆளாகும் வாய்ப்பு சுமார் 54 மடங்கு. மூர்க்க குணம் மட்டும் பிற நாய்களைவிடக் குறைவு என்பதும் அதே ஆராய்ச்சியில் தெரியவந்தது. விற்பவர் சொன்ன சாது என்ற வார்த்தை மெய்யென்று இங்கே நிரூபணமாகிறது.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மண்டையில் குழி ஆழமில்லாததால் கண் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது; இமைகள் அதை முழுதும் மூடுவதில்லை. செடியின் நுனியோ, பூனையின் நகமோ, மூக்குமேல் மடிந்த தோலில் முளைத்த முடியோ உராய்ந்து விழிப்படலத்தில் புண் உண்டாவது சர்வ சாதாரணம். சண்டையிலோ, கழுத்துப் பட்டையைப் பலமாக இழுப்பதாலோ கண் குழியைவிட்டே வெளிவந்துவிடுவதும் உண்டு. ஆகையால் பக் நாயைக் கழுத்துப் பட்டையில் கட்டி இழுத்துக்கொண்டு போகலாகாது. மார்பைச் சுற்றிவரும் வாரே ஏற்றது. முக மடிப்புகளை நாள்தோறும் துடைத்து உலர்த்தாவிட்டால் புழுங்கி நாறும். முதிர்ந்த நாய்க்குரிய 42 பற்கள் அந்தச் சிறிய தாடையில் நெருக்கியடித்துக் கோணலாக முளைக்கும். பருமன் சீக்கிரம் ஏறும். ஏறிய ஒவ்வொரு கிலோவும் முன்சொன்ன மூச்சுக் கணக்கில் சேரும். பிஸ்கட்டுக்கு அது பார்க்கும் பார்வையை எதிர்த்து நிற்பதற்கு மனோதிடம் வேண்டும்.

இத்தனையும் அறிந்த பின்னும் பக் நாயே வேண்டும் என்பவர், குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயைப் பார்க்கவேண்டும். எட்டு வாரக் குட்டிகளெல்லாம் அழகாகத்தான் இருக்கும்; அதற்கும் குறைந்த வயதில் விற்பதை 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் தடைசெய்கின்றன. தாயை மூன்று நிமிஷம் மெல்ல ஓடவிட்டு, பின் அதன் கழுத்தருகே காதை வைத்துக் கேட்டால், விற்பவர் சொல்லாத சரித்திரத்தை அது சொல்லும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் வகுத்து, இங்கிலாந்தில் 2019 முதல் நடைமுறையில் உள்ள சுவாசப் பரிசோதனையின் சாரம் ஏறக்குறைய இதுவே; வித்தியாசம், அங்கே காதுக்குப் பதில் பயிற்சிபெற்ற மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வைக்கிறார். தாயின் நாசித் துவாரம் திறந்திருக்கிறதா, மூச்சிழுக்கும்போது உட்புறம் ஒட்டிக்கொள்கிறதா என்பதையும் கவனிக்கவேண்டும். 'பேப்பர் உள்ள குட்டி' என்று சொல்லி அதிக விலை கேட்பார்கள். அந்தக் காகிதம் தாய் தந்தை பாட்டன் பாட்டியின் பெயரைச் சொல்லும். அவர்கள் எப்படித் தூங்கினார்கள் என்பதைச் சொல்லாது. தாய் ஊரில் இருக்கிறது, வேறிடத்தில் இருக்கிறது என்று விற்பவர் மழுப்பினால், விலை எவ்வளவு மலிவானாலும் திரும்பிவிடுவதே புத்திசாலித்தனம்.

முகம் மேலும் குறுகாமல் கட்டுப்படுத்தச் சட்டமே வந்துவிட்ட நாடுகள் உண்டு. நெதர்லாந்தில் முகத்தின் நீளம் மண்டையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவான நாய்களை இனப்பெருக்கத்தில் ஈடுபடுத்தலாகாது என்னும் அளவுகோலை 2019-இல் வகுத்தார்கள். அவ்வினத்தைத் தன் அரண்மனையில் சீராட்டிய அதே ஹாலந்து. ஜெர்மனியில் சிலர் ஜாக் ரஸ்ஸல் டெரியரோடு கலந்து மூக்கு நீண்ட பக் நாய்களை உண்டாக்கி வருகிறார்கள்; அவை ஹோகார்த்தின் ட்ரம்ப்பை ஓரளவு நினைவூட்டும். தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனவிருத்திக் கொள்கையும், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று ஒதுக்கிய 11 இனங்களில் பக்கைச் சேர்த்தது. நாய் வளர்ப்போர் தரப்பு அதை எதிர்த்து நீதிமன்றத்தை நாடியது. வழக்கு எப்படியாயினும், நீதிபதியின் தீர்ப்பால் சித்திரை வெயில் குறையப்போவதில்லை.

மடியில் அடங்கும் நாய்தான் வேண்டும், மூக்கும் வேண்டும் என்பவருக்கு வழியில்லாமல் இல்லை. பொமரேனியன் என்ற பெயரில் நம் தெருக்களில் தலைமுறைகளாக வளர்ந்துவரும் வெள்ளை ஸ்பிட்ஸ் நாய்க்கு ரோமம் அடர்த்தியே தவிர, மூக்கு நரிமூக்கு. ஓயாமல் குரைப்பதை மட்டும் அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும். டாக்ஸ்ஹண்டுக்கும் நீண்ட மூக்கு. அதன் பலவீனம் முதுகெலும்பில், ஆகவே சோபாவிலிருந்து குதிக்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தெருவில் பிறந்த நாட்டு நாய்க் குட்டியைத் தத்தெடுப்பவருக்கு அளவு சற்றே பெரிதாகும். வெயிலைப் பற்றிய கவலை வெகுவாகக் குறையும்.

ஏற்கெனவே வீட்டில் பக் வந்துவிட்டது என்றால், அதை நொந்து பயனில்லை. உதவக்கூடிய காரியங்கள் இருக்கின்றன. நடைக்குச் சூரியோதயத்துக்கு முன் அழைத்துச் செல்லவேண்டும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு உடம்பு இளைத்தே இருக்கவேண்டும். தூங்கும்போது தலையைத் தலையணைமேல் உயர்த்தியோ, வாயில் பொம்மையைக் கவ்வியபடியோ தூங்குகிறதா என்று பார்க்கவேண்டும். வேடிக்கையாகத் தோன்றும் அந்தப் பழக்கம், மூக்கு அடைபட்ட நாய் வாயைத் திறந்துவைத்துக்கொள்ளக் கண்டுபிடித்த உபாயம். அதைக் கண்டவர் மருத்துவரிடம் நாசித் துவாரத்தை அகலமாக்கி, நீண்ட அண்ணத்தை வெட்டிச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சையைப் பற்றி விசாரிக்கலாம். மயக்கமருந்திலிருந்து தெளியும் நேரமே இந்நாய்களுக்கு அதிக ஆபத்தானது ஆகையால், குட்டை முக நாய்களைக் கையாண்டு பழகியவரிடமே அதைச் செய்துகொள்ளவேண்டும். செய்வதானால் இளம் வயதிலேயே, குரல்வளையின் குருத்தெலும்பு சரியத் தொடங்குவதற்கு முன்பே செய்யவேண்டும். சரிந்த குருத்தெலும்பைப் பழைய நிலைக்கு நிமிர்த்த இன்றைய வைத்தியத்தால் இயலாது.